சுறாவுக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும்? குடும்பக் கடற்கரைப் பயணத்தில் இடரை எடைபோடுவது எப்படி

2023ஆம் ஆண்டில் உலகக் கடல்கள் அனைத்திலும் சேர்த்து, மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்வுகள் 69 எனப் பதிவாகியுள்ளன. அவற்றில் 10 பேர் இறந்தார்கள். இந்தக் கணக்கைப் பராமரிப்பது அமெரிக்காவின் ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அங்குள்ள பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேடு 1958இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு நிகழ்வையும் விசாரித்து வகைப்படுத்துவது அதன் வேலை. தூண்டிலில் சிக்கிய சுறாவை விடுவிக்கும்போதும், ஈட்டியால் மீன் பிடிக்கும்போதும், சுறாவைத் தொட முயலும்போதும் ஏற்படும் கடிகளை அது ‘தூண்டப்பட்டவை’ என்று தனியே பிரித்துவிடுகிறது. ஆகவே அந்த 69 என்பது, நம்மைப் போலக் குளிக்கவோ அலையில் விளையாடவோ கடலில் இறங்கியவர்களைப் பற்றிய எண்.

இந்த எண் பெரியதா, சிறியதா? குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகத் திட்டமிடும் ஒருவர் இதை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது? இந்தக் கேள்வி என் வீட்டிலேயே ஒருமுறை எழுந்தது. விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய ஏழு வயது மகன் சுறாத் தாக்குதல் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, கடலில் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதாகச் சொன்னாள். “அண்ணா, அங்கே சுறா இருக்குமா? போகலாமா, வேண்டாமா?” என்று கேட்டாள். “அதெல்லாம் ஒன்றும் இருக்காது, தைரியமாகப் போய் வா” என்று நான் அவசரத்தில் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதில் தவறானது. கடல் என்றால் அதில் சுறா இருக்கும் என்பதால் அது உண்மையும் அல்ல. எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றும் சொல்லாததால் அவளுக்கு அது பயன்படவும் இல்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்கோ உயிருக்கோ தீங்கு செய்யும் ஆற்றல் இருந்தால் அது ஆபத்து. அந்தத் தீங்கு ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு, குறிப்பிட்ட சூழலில் நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, நேர்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இடர். நான்கு மீட்டர் நீளமுள்ள பெருவெள்ளைச் சுறா ஐயமின்றி ஆபத்தானது. ஆனால் கரையில் மணல்வீடு கட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதனால் இடர் ஏதும் இல்லை. அச்சம் ஆபத்தைப் பார்த்தவுடனே எழுந்துவிடும். முடிவெடுக்க நமக்குத் தேவைப்படுவதோ இடரின் அளவு. சுறாவைப் பற்றிய பேச்சில் பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் வருகிறது.

எத்தனை பேரில் ஒருவர்?

பள்ளியில் பின்னம் படித்தபோது, கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். செய்திகள் நமக்குப் பெரும்பாலும் தொகுதியை மட்டுமே தருகின்றன: இத்தனை பேரைச் சுறா கடித்தது, இத்தனை பேர் இறந்தார்கள். எத்தனை பேர் கடலில் இறங்கினார்கள் என்ற பகுதியை எந்தச் செய்தியும் சொல்வதில்லை, ஏனெனில் நேற்று கோடிக்கணக்கானோர் கடலில் குளித்துவிட்டு நலமாக வீடு திரும்பினார்கள் என்பது செய்தியாகாது. பகுதி தெரியாத பின்னத்துக்கு மதிப்பே கிடையாது. நூறு பேரில் 69 என்றால் அது பேரழிவு. நூறு கோடியில் 69 என்றால் மிக அரிய விபத்து.

பகுதியைத் துல்லியமாக எண்ணுவது கடினம் என்றாலும், ஓரளவுக்கு மதிப்பிட முடியும். அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். உலகில் பதிவாகும் சுறாக்கடிகளில் மிகப் பெரிய பங்கு அந்த நாட்டில்தான் நிகழ்கிறது என்பதால், அங்கே கணக்கிட்டால் இடரைக் குறைத்துக் காட்டினோம் என்ற குறை வராது. 2023இல் அங்கே பதிவான தூண்டப்படாத கடிகள் 36, இறப்புகள் இரண்டு. அந்நாட்டில் உயிர்காப்பாளர்கள் பணியிலிருக்கும் கடற்கரைகளுக்கு ஆண்டுதோறும் வருவோரின் வருகைகள் 30 கோடிக்கு மேல். வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. ஆகவே கணக்கைக் கடுமையாக்கி, மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே இறங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 கோடி வருகைகளுக்கு 36 கடிகள், அதாவது ஏறத்தாழ 28 லட்சம் வருகைகளுக்கு ஒன்று. உயிர்காப்பாளர் இல்லாத கரைகளில் குளித்தவர்களை நான் இந்தப் பகுதியில் சேர்க்கவே இல்லை. அங்கே நேர்ந்த கடிகள் மட்டும் தொகுதியில் இருக்கின்றன. உண்மையான இடர் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதைக் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். நான்கு பேர், ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் எல்லாரும் கடலில் இறங்குகிறார்கள் என்றால் மொத்தம் 20 வருகைகள். 28 லட்சத்தை 20ஆல் வகுத்தால் 1 லட்சத்து 40 ஆயிரம். இப்படி 1 லட்சத்து 40 ஆயிரம் குடும்பங்கள் ஐந்து நாள் விடுமுறைக்குப் போனால், அவற்றில் ஒரு குடும்பத்தில் ஒருவரைச் சுறா கடிக்கக்கூடும். கடி என்றால் மரணம் என்று பொருளல்ல. கடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் சிறிய வாய்ப்புகளை ஒப்பிடுவதற்கு ஓர் அலகு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முடிவெடுக்கும் முறைகளை ஆராய்ந்த ரொனால்டு ஹோவர்டு அதற்கு ‘மைக்ரோமார்ட்’ என்று பெயரிட்டார். பத்து லட்சத்தில் ஒரு மரண வாய்ப்பு என்பது ஒரு மைக்ரோமார்ட். மேலே சொன்ன அதே கடுமையான கணக்கின்படி 10 கோடிக்கு இரண்டு மரணம் என்றால், ஒரு முறை கடலில் இறங்குவது ஒரு மைக்ரோமார்ட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. ஐந்து நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு. பிரிட்டன் போன்று சாலை விபத்துகள் குறைவாக உள்ள நாடுகளில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் காரில் போவது ஒரு மைக்ரோமார்ட். அப்படியானால் ஐந்து நாள் கடல் குளியலில் ஒருவருக்குச் சுறாவால் உள்ள மரண இடர், பாதுகாப்பான சாலையில் 40 கிலோமீட்டர் காரில் போவதற்கு ஈடு. சாலைகள் அவ்வளவு பாதுகாப்பாக இல்லாத நாடுகளில் 40 கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டியதில்லை.

மனம் ஏன் இதை ஏற்பதில்லை

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினாலும், இடுப்பளவு நீரில் நிற்கும்போது காலில் ஏதோ உரசினால் நெஞ்சு திக்கென்றுதான் ஆகும். அதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. ஏமாஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒன்றை விளக்கினார்கள்: ஒரு நிகழ்வு எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று மதிப்பிடும்போது, அதற்கான எடுத்துக்காட்டு எவ்வளவு எளிதில் நினைவுக்கு வருகிறது என்பதையே மனம் அளவுகோலாகக் கொள்கிறது. எளிதில் நினைவுக்கு வருவது எல்லாமே அடிக்கடி நடப்பதாகத் தோன்றிவிடுகிறது. சுறாக்கடி ஒருமுறை கேட்டால் மறக்காத செய்தி. கடலில் குளித்துவிட்டு ஒன்றும் நேராமல் திரும்பிய நாட்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

2001ஆம் ஆண்டின் கோடைகாலம் இதற்கு நல்ல சான்று. ஃபுளோரிடாவில் சிறுவன் ஒருவனைச் சுறா தாக்கிய செய்தி ஜூலையில் பரவியதும், அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் சுறாவைத் தவிர வேறெதையும் காட்டாததுபோல் இருந்தன. அது சுறாக்களின் கோடை என்றே ஓர் இதழ் அட்டைப்படம் வெளியிட்டது. ஆண்டு முடிந்து எண்ணிப் பார்த்தபோது, உலக அளவில் கடிகளும் இறப்புகளும் முந்தைய ஆண்டைவிடக் குறைவாக இருந்தன. மிகுந்திருந்தது செய்தி மட்டுமே.

இதோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. இடரை மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்று ஆராய்ந்த பால் ஸ்லோவிக், 1987இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு பண்புகளை முதன்மைப்படுத்தினார். நம் கட்டுப்பாட்டில் இல்லாததும் கொடூரமான முடிவைத் தருவதுமான தீங்கு அச்சத்தை மிகுவிக்கிறது. கண்ணுக்குத் தெரியாததும் பழக்கமில்லாததுமான தீங்கும் அப்படியே. சுறாவில் இவை அனைத்தும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அது கீழிருந்து வருகிறது, கலங்கிய நீரில் தெரிவதில்லை, எதிர்த்து நிற்க நமக்குக் கால் ஊன்ற இடமில்லை, உயிரோடு கடிபடுவது என்ற எண்ணமே மனித மனத்தை நடுங்க வைப்பது. ஆகவே அச்சப்படுபவரிடம் “நீ அறிவில்லாமல் பேசுகிறாய்” என்பது நியாயமுமில்லை, அதனால் பயனுமில்லை. அவருடைய மனம் தீங்கின் கொடுமையைச் சரியாகவே உணர்கிறது. வாய்ப்பின் அளவில்தான் பிசகுகிறது.

செய்தி படிக்கும்போது இன்னொரு பொறியும் உண்டு. 2023இல் 69ஆக இருந்த கடிகள் 2024இல் 47ஆகின. இறப்புகள் 10இலிருந்து நான்காகின. கடல் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பாகிவிட்டதா? இல்லை. எண்கள் இவ்வளவு சிறியவையாக இருக்கும்போது தற்செயலாகவே இப்படி ஏறி இறங்கும். அடுத்த ஆண்டு நான்கு எட்டானால் ‘மரணங்கள் இரு மடங்கு’ என்று தலைப்பு வரும். சொன்னது பொய்யாக இருக்காது. இரு மடங்கானது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. மிகச் சிறிய வாய்ப்பு இரு மடங்கானாலும் அது மிகச் சிறிய வாய்ப்புதான்.

சராசரி மறைப்பது

இவ்வளவு சொன்ன பிறகு, நம்பிக்கையோடு எந்தக் கடலிலும் எந்த நேரத்திலும் இறங்கலாம் என்று யாரேனும் எடுத்துக்கொண்டால், அது முதல் தவற்றைவிடப் பெரிய தவறாகிவிடும். நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இதுவே. உலகச் சராசரி என்பது உலகம் முழுவதற்குமான எண். அது நீங்கள் நிற்கும் கரைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவைப் பாருங்கள். 2011 முதல் அங்கே சில ஆண்டுகளுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் சுறாக்களால் இறந்தார்கள். அத்தனை சிறிய தீவுக்கு அது மிக அதிகம். 2013இல் அங்குள்ள நிர்வாகம், பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமற்ற காயலையும் கண்காணிக்கப்படும் சில பகுதிகளையும் தவிர வேறெங்கும் குளிக்கவும் அலைச்சறுக்கு விளையாடவும் தடை விதித்தது. அந்தத் தடையை மதிப்பவர் கோழையல்ல. பிரேசிலின் ரெசிஃபி நகரக் கடற்கரையில் 1992க்குப் பிறகு, அதுவரை அரிதாக இருந்த தாக்குதல்கள் அடுத்தடுத்து நிகழத் தொடங்கின. அருகில் சுவாப்பி துறைமுகம் கட்டப்பட்டதால் முகத்துவாரங்களும் சதுப்புநிலங்களும் குலைந்தன, கப்பல் போக்குவரத்து பெருகியது, சுறாக்கள் நகரக் கரையை நோக்கி வந்தன என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அந்தக் கரையில் எச்சரிக்கைப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் 1972இல் கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் வந்த பிறகு சீல் எனப்படும் கடல்நாய்கள் பெருகின. அவற்றை உண்ணப் பெருவெள்ளைச் சுறாக்கள் வந்தன. 2018இல் அங்கே நேர்ந்த மரணம், அந்த மாநிலத்தில் 1936க்குப் பிறகு நிகழ்ந்த முதல் சுறா மரணம்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. ஃபுளோரிடாவின் வொலூசியா மாவட்டத்தில் 2023இல் மட்டும் எட்டுக் கடிகள் பதிவாகின. எண்ணிக்கையைப் பார்த்தால் உலகிலேயே மிக மோசமான கரைகளில் ஒன்று. ஆனால் அங்கே கடிப்பவை பெரும்பாலும் சிறிய மீன்களைத் துரத்தி வரும் சிறிய சுறாக்கள். கலங்கிய அலைநீரில் ஒரு காலையோ கையையோ மீனென்று கடித்துவிட்டு உடனே விலகிவிடுகின்றன. பெரும்பாலான காயங்கள் தையல் போட்டால் ஆறிவிடுபவை. எத்தனை கடி என்பதோடு எந்தச் சுறா என்பதையும் கேட்க வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுறா வகைகளில், மரணத்தில் முடிந்த தாக்குதல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானவை பெருவெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச் சுறா என்ற மூன்றுதான்.

இடத்தைப் போலவே, யார், எப்போது என்பதும் கணக்கை மாற்றுகிறது. கடிபடுவோரில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களின் பங்கு மிக அதிகம். அவர்கள் கரையிலிருந்து தள்ளி, அலை உடையும் இடத்தில், கைகால் தொங்கவிட்டபடி மணிக்கணக்கில் இருக்கிறார்கள். முழங்கால் நீரில் நிற்கும் குழந்தைக்கு அவர்களுடைய இடரை அப்படியே பொருத்திவிட முடியாது. விடியலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் பல சுறாக்கள் இரை தேடுகின்றன. அப்போது மங்கிய ஒளியில் அவை நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நீர் கலங்கியிருக்கும், இரையும் மிகுந்திருக்கும். காளைச் சுறா நன்னீரிலும் வாழக்கூடியது. கடற்பறவைகள் ஓரிடத்தில் கூட்டமாகப் பாய்ந்து பாய்ந்து எழுந்தால், கீழே சிறுமீன் கூட்டம் இருக்கிறது என்று பொருள். அந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பது பறவைகள் மட்டுமே என்று நாம் எண்ணிவிடக் கூடாது. மீன்பிடிப்போர் இரைத்துண்டுகளையும் கழிவுகளையும் நீரில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் குளிப்பதும், கூட்டத்தைவிட்டுத் தனியே வெகுதூரம் நீந்துவதும், மீன் செதில்போல் மின்னும் நகைகளோடு இறங்குவதும் தவிர்க்க வேண்டியவை. இவை எவற்றுக்கும் பணமோ பெரிய முயற்சியோ தேவையில்லை. ஏற்கெனவே சிறியதாக உள்ள இடரை இந்தப் பழக்கங்கள் இன்னும் சிறிதாக்குகின்றன; விடுமுறையிலிருந்து எதையும் பறிப்பதும் இல்லை.

எதோடு ஒப்பிடுவது?

இடரை எடைபோடுவது என்றால் தராசின் மறுதட்டில் ஏதேனும் இருக்க வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் கிட்டத்தட்ட கால் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்த எண்ணைச் சுறாவின் பக்கத்தில் வைத்து வியப்பது எளிது, ஆனால் அது நேர்மையான ஒப்பீடாகாது. இந்த மரணங்களில் மிகப் பல விடுமுறைக் கடற்கரைகளில் நிகழ்ந்தவை அல்ல. குளம், ஆறு, கிணறு என்று அன்றாட வாழ்விடங்களில் நிகழ்ந்தவை. ஒப்பிட வேண்டுமானால் ஒரே கரை, ஒரே மக்கள் என்று எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால், அமெரிக்கக் கடற்கரைகளில் சுறாவால் இறப்பவர்கள் ஆண்டுக்கு ஓரிருவர். அதே கடற்கரைகளில், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் என்று அங்குள்ள உயிர்காப்பாளர் சங்கம் மதிப்பிடுகிறது. அலைமிகுந்த கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் செய்யும் மீட்புகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை இந்த நீரோட்டத்திலிருந்துதான்.

இந்த நீரோட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனெனில் இதைப் பார்த்தால் யாருக்கும் அச்சம் வருவதில்லை. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்காவது ஒரு வழியில் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டில் ஓர் இடைவெளி இருந்தால், அந்தக் குறுகிய வழியில் நீர் முழுவதும் ஒன்றாகத் திரும்புகிறது. இருபுறமும் அலைகள் வெண்ணுரையோடு உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், சற்றுக் கருமையாக, சலனம் குறைந்து தெரியும். சில வேளைகளில் நுரையும் பாசியும் கலங்கல் மணலும் அந்த வழியே கடலை நோக்கி நகர்வதைக் காணலாம். அலைக்கு அஞ்சும் பெற்றோர், “இங்கே அமைதியாக இருக்கிறது” என்று குழந்தையை அழைத்துப்போய் இறக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அங்கே நீரின் வேகம் சில நேரங்களில் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த முடியாது. அது யாரையும் அடிக்கு இழுத்துச் செல்வதில்லை, வெளியே கொண்டுசெல்கிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். சிக்கியவர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்; தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தைவிட்டு வெளியேறி, பிறகு அலைகளோடு கரை திரும்ப வேண்டும். இதைத் தெரியாமல் காப்பாற்றப் போய் உயிரிழந்த தந்தையரும் உண்டு. வீசுவதற்கு மிதக்கும் பொருள் ஏதுமின்றி நீரில் பாயக் கூடாது.

தங்கை திரும்பி வந்தபின் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. மகனுக்குத் தைரியம் வரட்டும் என்று பெரியவர்கள் எல்லாரும் தொலைவில் கடலைப் பார்த்து, ஏதேனும் துடுப்புத் தெரிகிறதா என்று காவல் காத்திருக்கிறார்கள். பின்வாங்கும் அலை, முழங்கால் நீரில் நின்ற அந்தப் பிள்ளையின் குதிகாலுக்குக் கீழிருந்த மணலை அரித்து அரித்து எடுத்துக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் மல்லாந்து விழுந்து, அடுத்த அலை அவனைப் புரட்டி, ஒரு வாய் உப்புநீர் குடித்து எழுந்தபோதுதான் திரும்பியிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கவனம் அளவோடுதான் இருக்கிறது; அதைத் தொடுவானத்தில் செலவழித்துவிட்டால், கைக்கெட்டும் தூரத்துக்கு மிச்சம் இருப்பதில்லை.

மணலும் அப்படித்தான். 2007இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான குறிப்பு, முந்தைய பத்தாண்டுக் காலத்தில் மணற்குழி இடிந்து மனிதர்கள் புதைந்த 52 நிகழ்வுகளைத் தொகுத்திருந்தது. அவற்றில் 31 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறார்களும் இளைஞர்களும். குழியை அங்கிருப்பவர்களில் மிகச் சிறியவரின் முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டவிடக் கூடாது, எழும்போது மூடிவிட வேண்டும். இரண்டு வரிச் செய்தி, ஆனால் பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது.

அச்சத்துக்கு ஒரு விலையும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 2001 செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் நெடுந்தூரம் சென்றார்கள். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் அதனால் சாலையில் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்டு கிகெரென்சர் கணக்கிட்டார். கொடூரமான ஆனால் அரிய இடரைத் தவிர்க்கப் போய், சாதாரணமாகத் தோன்றும் பெரிய இடருக்குள் அவர்கள் நுழைந்துவிட்டார்கள். கடற்கரைப் பயணத்திலும் இதே பிழை நேரலாம். சுறாவுக்கு அஞ்சி, உயிர்காப்பாளர் உள்ள கடற்கரையை விட்டுவிட்டு, ஆளரவமற்ற ஏரிக்கோ ஆற்றுக்கோ குழந்தைகளைக் குளிக்க அழைத்துச் செல்லும் குடும்பம் தன் இடரைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது. அசையாத நீரில் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கும்.

ஆகவே போகுமுன் கேட்க வேண்டியவை சில. அந்தக் கரையில், அந்தப் பருவத்தில் உயிர்காப்பாளர் இருப்பாரா, எத்தனை மணி வரை? அண்மைக் காலத்தில் அங்கே சுறா எச்சரிக்கையோ தடையோ உண்டா? தடை இருந்தால் அதற்குமேல் கணக்குப் போட வேண்டியதில்லை, இறங்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும், பையை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கரையில் நின்று கடலைப் பார்க்க வேண்டும். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும். குளிக்கும் எல்லையைக் காட்டும் கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்க வேண்டும். நீந்தத் தெரியாத குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் கைபேசி இல்லாமல், முறைவைத்து நிற்க வேண்டும். யாருடைய முறை என்று பெயர் சொல்லி ஒப்படைப்பது நல்லது, ஏனெனில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எண்ணும்போது ஒருவரும் பார்ப்பதில்லை.

சுறாவைக் கண்டால், நீரை அதிகம் அடிக்காமல், முடிந்தவரை அதைப் பார்வையிலிருந்து விடாமல் கரையேறி, உயிர்காப்பாளரிடம் சொல்ல வேண்டும். கடிபட்டவர்கள் இறப்பது பெரும்பாலும் குருதி இழப்பால். ஆகவே மருத்துவ உதவி வருவதற்குள் செய்ய வேண்டியது குருதியை நிறுத்துவதே: துணியை வைத்துக் காயத்தின் மேல் விடாமல் பலமாக அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ பீறிடும் குருதி அதற்கும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே, உடம்பை நோக்கிய பக்கத்தில், அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். இந்த அறிவு சாலை விபத்திலும் உயிர் காக்கும் என்பதால், சுறாவைப் பார்க்காமலே வாழ்நாள் முழுவதும் பயன்படக்கூடியது.

தங்கை மகன் மறு ஆண்டு என்னிடமே கேட்டான், “மாமா, அங்கே சுறா இருக்குமா?” என்று. இந்த முறை நான் இல்லை என்று சொல்லவில்லை. “கடலில் எங்கேயோ இருக்கும். அது அதனுடைய வீடு. நீ நிற்கப் போகிற இடத்துக்கு அது வருவது மிக மிக அபூர்வம். ஆனால் அலை வரும், ஒவ்வொரு நிமிடமும் வரும்” என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அம்மா எந்தப் பக்கம் நிற்கணும்?” என்று கேட்டான். கடல் பக்கம் என்று சொன்னேன்.